பாரணை இல்லாத பட்டினி: அனோரெக்ஸியாவும் உளவியல் சிகிச்சையும்

மாசி மாதத்துக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் சமயபுரம் மாரியம்மன் பச்சைப் பட்டினி இருக்கிறாள். அந்த நாட்களில் வழக்கமான தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவைதான். பக்தர்கள் நோய்நொடி இல்லாமல் வாழ அம்மனே நோற்கும் விரதம் இது என்பது ஐதீகம். கொள்ளிடத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்தால் பட்சத்துக்கு ஓர் ஏகாதசி. காவிரியையும் தாண்டினால் உறையூர். உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனின் ஊர். உண்ணாமல் இருப்பதற்கு இத்தனை மரியாதை உள்ள மண்ணில், பதினைந்து வயதுப் பெண் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் அது பக்தியா, பிடிவாதமா, வயிற்றுக் கோளாறா, நோயா என்று வீட்டில் யாருக்கும் சட்டென்று விளங்குவதில்லை.

நோயாக இருந்தால் அதன் பெயர் அனோரெக்ஸியா நெர்வோசா. இதைத் தீர்க்க இன்றுவரை மாத்திரை எதுவும் வரவில்லை. சிகிச்சையின் முதுகெலும்பு உணவும் உளவியல் சிகிச்சையும்தான். அந்த உளவியல் சிகிச்சைகள் எவை, ஆய்வுகளில் எது நின்றது, அவற்றில் எது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரு வீட்டுக்குள் நடைமுறைக்கு வரும் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

நோயின் முகம்

1689இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன், காரணமே புரியாமல் மெலிந்துகொண்டே போன இரண்டு பேரைப் பற்றி எழுதிவைத்தார். ஒருத்தி பதினெட்டு வயதுப் பெண். இன்னொருவன் பதினாறு வயதுப் பையன். இது பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்ற எண்ணம் அப்போதே பொய்த்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் பையன்களுக்கு வரும்போது அது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. 1873இல் பாரிஸில் சார்ல் லாசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் தனித்தனியே இந்நோயை விவரித்தார்கள். இன்று வழங்கும் பெயர் கல் வைத்தது.

இந்த நோய் உள்ளவருக்குப் பசி இல்லை என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் பசி இருக்கும். அதை அடக்குவதே ஒரு சாதனையாக மாறியிருக்கும். உணவைக் குறைத்துக்கொண்டே போவது, எடை கூடுவதைக் கண்டு அஞ்சுவது அல்லது கூடவிடாமல் தடுப்பது, மெலிவின் ஆபத்தை உணராமல் இருப்பது ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு கைவிட்டுவிட்டது.

மனநோய்களில் உயிரைப் பறிப்பதில் முன்வரிசையில் நிற்பது இது. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்குப்படி, இந்நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். 'வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும்' என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நம் ஊரில் அது எப்படி வருகிறது

மெலிந்த மாடல் அழகிகளைப் பார்த்துப் பார்த்து மேல்நாட்டுப் பெண்களுக்கு வரும் நோய் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தோம். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1993இல் 70 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 41 பேருக்குப் பருமனாகிவிடுவோமோ என்ற பயமே இல்லை. வயிறு உப்புசமாக இருக்கிறது, பசிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் சொன்னார்கள். 1995இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் எஸ்.கே. கண்டேல்வாலும் குழுவினரும் விவரித்த ஐந்து இளம்பெண்களும் இப்படித்தான்: உண்ண மறுப்பு, எடையிழப்பு, வாந்தி, மாதவிடாய் நிற்றல் எல்லாம் இருந்தன; தன் உடல் பருத்திருக்கிறது என்ற மயக்கம் மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் இரண்டு ஆய்வுகள் கவனிக்கத்தக்கவை. 1990களில் சென்னையில் டி.என். சீனிவாசனும் சகாக்களும் 210 மருத்துவ மாணவர்களிடம் ஆராய்ந்தபோது, முழு நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லாத, ஆனால் உணவும் எடையும் மனத்தை வாட்டும் நிலை 14.8 சதவீதம் பேரிடம் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவ மனநலப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வில், அங்கு வந்த பிள்ளைகளில் 1.25 சதவீதம் பேருக்கு, அதாவது 41 பேருக்கு, உணவு தொடர்பான மனநோய் இருந்தது. அவர்களில் 85.4 சதவீதம் பேருக்கு இருந்தது மனக்காரணத்தால் வரும் வாந்தி, அனோரெக்ஸியா 14.6 சதவீதம்.

இந்த எண்கள் ஒரு விஷயத்தை உணர்த்துகின்றன. இங்கே நோய் வயிற்றின் மொழியில் பேசுகிறது. அதனால்தான் குடும்பம் முதலில் போவது குடல்நோய் மருத்துவரிடம். எண்டோஸ்கோபி, ஸ்கேன், சத்து டானிக், பசி மாத்திரை என்று மாதங்கள் ஓடுகின்றன. எல்லா ரிப்போர்ட்டும் 'நார்மல்' என்று வந்தபிறகு சமயபுரத்துக்கு நேர்ந்துகொள்கிறார்கள். மனநல மருத்துவரின் வாசல்படியை மிதிக்கும்போது உடல் பாதியாகியிருக்கும்.

மேல்நாட்டுக் கேள்வித்தாளை அப்படியே கொண்டுவருவதும் ஏமாற்றும். 1989இல் மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் வட இந்திய ஊர் ஒன்றில் 580 பள்ளி மாணவிகளிடம் உலகப் புகழ்பெற்ற ஒரு வினாநிரலைக் கொடுத்தபோது 29 சதவீதம் பேர் நோய்க்கோட்டைத் தாண்டினார்கள். துருவிப் பார்த்ததில், சில கேள்விகளை அந்தப் பெண்கள் தங்கள் பண்பாட்டின் வழியே வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. உணவில் கட்டுப்பாடு காட்டுகிறாயா என்று கேட்டால் ஏகாதசி வீட்டுப் பெண் ஆமாம் என்றுதான் சொல்வாள்.

அப்படியானால் விரதத்தையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? விரதத்துக்கு நாள் உண்டு, முடிவு உண்டு. ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காயோடு விரதத்தை முடிக்கும் பாரணை. மார்கழியில் நெய்யையும் பாலையும் விலக்கித் தொடங்கும் பாவை நோன்புகூட 27ஆம் நாள் கூடாரவல்லியன்று நெய் வழியும் அக்காரவடிசிலில், எல்லோரும் கூடியிருந்து உண்பதில் போய் முடிகிறது. நோய்க்குப் பாரணை கிடையாது. அது தனியாக இருக்கும், ஒளிந்திருக்கும், நீண்டுகொண்டே போகும். திங்கள் விரதம், வியாழன் விரதம், சஷ்டி, பிரதோஷம் என்று ஒரு பெண்ணின் விரத நாட்கள் மாதாமாதம் கூடிக்கொண்டே வந்து, பாரணையன்றும் அவள் சாப்பிடாமல் தப்பிக்க வழி தேடினால் அது பக்தியின் வளர்ச்சி அல்ல. நோயாளிக்கும் சிறுவருக்கும் ஏகாதசியிலிருந்து விலக்கு உண்டு என்பது வீட்டுப் பெரியவர்களுக்கே தெரிந்த மரபு. சிகிச்சையாளர் மதத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இந்த விலக்கை வீட்டுப் பெரியவர் வாயாலேயே சொல்லவைத்தால் போதும்.

பேச்சுக்கு முன் சோறு

இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை அவர்களின் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். மனநோய் எதுவும் இல்லாத அந்த ஆண்கள் நாளெல்லாம் உணவையே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைப் புரட்டினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள். எரிந்துவிழுந்தார்கள், ஒதுங்கினார்கள், சோர்ந்தார்கள். அனோரெக்ஸியாவின் குணம் என்று நாம் நினைப்பதில் பாதி, பட்டினியின் குணம்.

உளவியல் சிகிச்சைக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் பெரிது. பட்டினி கிடக்கும் மூளையோடு வாதாடிப் பயனில்லை. எடை மீள்வதும் பேச்சும் ஒன்றாக நடக்க வேண்டும்; காரணத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் சாப்பாட்டைப் பார்க்கலாம் என்ற வரிசை ஆபத்தானது. மயக்கம், நாடித்துடிப்பு மந்தமாதல், கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் முதல் இடம் மருத்துவமனைதான். மிகவும் மெலிந்தவருக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதால், அதை மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிய குடும்பம்

இந்நோயாளியைக் கவனிக்க உறவினர்கள்தான் மிகவும் தகுதியற்றவர்கள் என்று நோய்க்குப் பெயர் வைத்த வில்லியம் கல் கருதினார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம் என்று அக்கால மருத்துவர்கள் பலர் நினைத்தார்கள். நூறாண்டு கழித்து அமெரிக்காவில் சால்வடோர் மினுச்சின் குடும்பத்தையே சிகிச்சை அறைக்குள் அழைத்துவந்து பிள்ளையோடு மதிய உணவு உண்ணவைத்தார். ஆனால் அவரும் 1978இல் எழுதிய நூலில் குடும்ப அமைப்பில்தான் கோளாறைத் தேடினார்.

திருப்பம் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் நடந்தது. ஜெரால்ட் ரஸ்ஸல், கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் உள்ளிட்ட குழு 1987இல் வெளியிட்ட ஆய்வில், 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை தெளிவாக மேலாக இருந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. இந்த முறையை ஜேம்ஸ் லாக்கும் டேனியல் லெ கிராஞ்சும் 2001இல் கையேடாக்கினார்கள். 121 பிள்ளைகளிடம் அவர்கள் செய்து 2010இல் வெளியிட்ட சோதனையில், சிகிச்சை முடிந்து ஓராண்டில் முழுமையாக மீண்டவர்கள் குடும்பச் சிகிச்சையில் 49 சதவீதம், தனிநபர் சிகிச்சையில் 23 சதவீதம்.

முறை எளிதாகச் சொல்லக்கூடியதுதான், செய்வதுதான் கடினம். ஏறத்தாழ இருபது அமர்வுகள், மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் தீர்மானித்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைக்கிறார்கள். எடை மீண்டு வரும்போது, இரண்டாம் கட்டத்தில், தட்டின் பொறுப்பு பிள்ளையிடம் சிறுகச் சிறுகத் திரும்புகிறது. மூன்றாவதில்தான் படிப்பு, நட்பு, வளர்ச்சி பற்றிய பேச்சு. காரணம் யார் என்ற கேள்வியையே இந்த முறை எழுப்புவதில்லை. பிள்ளை வேறு, நோய் வேறு, சண்டை நோயோடுதான். குடும்பமே நோய்க்கு மூலகாரணம் என்ற கருத்தை உணவுக் கோளாறுகளுக்கான சர்வதேச அமைப்பு 2010இல் வெளிப்படையாக மறுத்தது. 2019இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்த ஆய்வு, நோயின் வேர் மனத்தில் மட்டுமின்றி உடலின் வளர்சிதை மாற்றத்திலும் இருப்பதைக் காட்டியது. 'நான் வளர்த்தது சரியில்லையோ' என்று அழும் தாய்மாருக்கு இது ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சல்ல.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது நமக்குப் புதிதும் அல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூரில் 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் உறவினர் கூடத் தங்குவது வழக்கமாகவே ஆனது. மாட்ஸ்லி ஆய்வுக்கு முப்பது ஆண்டுகள் முந்தைய முயற்சிகள் இவை. இந்த அனுபவம் அனோரெக்ஸியாவுக்காக முறையாகப் பயன்படுத்தப்படவில்லை என்பதுதான் குறை.

பெரியவர்களுக்கு எது?

பதினெட்டைத் தாண்டியவர்களின் நிலவரம் வேறு. இங்கே வெற்றிவாகை சூடிய சிகிச்சை என்று எதையும் காட்ட முடியாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2017இல் மூன்றைச் சம நிலையில் பரிந்துரைத்தது. முதலாவது, உணவுக் கோளாறுக்கென வடிவமைத்த அறிவுசார் நடத்தைச் சிகிச்சை: வேளைக்குச் சாப்பிடுவது, உண்டதையும் அப்போதைய எண்ணத்தையும் குறித்துவைப்பது, எடையை வைத்தே தன்னை மதிப்பிடும் பழக்கத்தை மெல்லத் தளர்த்துவது. இரண்டாவது, லண்டனில் உருவான மன்ட்ரா: எதிலும் விடாப்பிடி, உணர்ச்சிகளை மூடிவைப்பது, 'இந்த நோய்தான் எனக்குத் துணை' என்ற நம்பிக்கை ஆகியவற்றை ஒரு பயிற்சிநூலின் துணையோடு அணுகுவது. மூன்றாவது, நிபுணர் ஆதரவுச் சிகிச்சை: எடையையும் உணவையும் ஒவ்வொரு முறையும் கவனித்துக்கொண்டே, மீதி நேரத்தை நோயாளி எதைப் பேச விரும்புகிறாரோ அதற்குக் கொடுப்பது.

மூன்றாவதன் கதை சுவையானது. 2005இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், 56 பெண்களிடம் இரண்டு பெயர்பெற்ற உளச் சிகிச்சைகளோடு ஒப்பிடுவதற்காக மட்டும் சேர்க்கப்பட்டது அது. கடைசியில் அதுவே முந்தியது. ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமும் மறைந்து மூன்றும் சமமாகிவிட்டன. 2014இல் வெளியான, 242 பேர் பங்கேற்ற ஜெர்மன் ஆய்விலும் சிகிச்சை முடிவில் எடை மீட்பில் மூன்று முறைகளுக்குள் வேறுபாடு இல்லை. எல்லாவற்றிலும் முன்னேற்றம் இருந்தது. பெரியவர்களுக்கான ஆய்வுகளை 2021இல் ஒருங்கே எடைபோட்ட கட்டுரையும் எந்தச் சிகிச்சையையும் தனித்து உயர்த்தவில்லை.

இதை வைத்து எதுவும் பலிக்காது என்று முடிவுகட்டுவது தவறு. சிகிச்சையின் பெயரைவிட, அது ஒழுங்காக நடக்கிறதா, எடையைக் கவனிக்கிறதா, நோயாளி இடையில் விட்டுப்போகாமல் பிடித்துவைக்கிறதா என்பதே முக்கியம். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்பது ஆண்டு முடிவில் மீண்டிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 22 ஆண்டு முடிவில் ஏறத்தாழ 63 சதவீதம். இவ்வளவு காலம் ஆகிவிட்டது, இனி என்ன என்று கைவிடுவதற்கு நியாயமே இல்லை.

ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு சாப்பாட்டு வேளை

கையேடு சொல்வது நம் வீட்டில் எப்படி நடக்கும்? உத்தர வீதியில் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். ராத்திரி எட்டு மணி. பெண் தட்டில் சாத்தமுது சாதத்தை ஓரம் ஓரமாக ஒதுக்குகிறாள். அம்மா இன்னும் ஒரு கரண்டி தயிர்சாதம் போடுகிறாள்.

"போறும்மா. வயிறு கனமா இருக்கு."

"கனமா இருக்கட்டும். இது மருந்து மாதிரி. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

பாட்டி உள்ளே புகுகிறாள்: "கொழந்தையைப் படுத்தாதேடி. கார்த்தால சேர்த்துச் சாப்டுப்பா." அப்பா செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "திமிர், வேறென்ன" என்கிறார்.

சிகிச்சை தோற்பது இந்த இடத்தில்தான். பாட்டியின் இரக்கமும் அப்பாவின் கோபமும் நோய்க்கு ஒரே மாதிரி உதவுகின்றன. இரண்டும் அம்மாவைத் தனியாக்கிவிடுகின்றன. சிகிச்சையாளர் அந்த வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, தட்டில் எவ்வளவு என்பதை யார் முடிவுசெய்கிறார்கள் என்பதாகத்தான் இருக்கும். பாட்டியைப் புறந்தள்ளினால் காரியம் ஆகாது. அவரையும் அமர்வுக்கு வரவழைத்து, 'சாப்பாட்டு அளவில் அம்மா சொல்தான். சாப்பிட்டபின் பேத்தியோடு ஒரு மணி நேரம் தாயம் ஆடுவது பாட்டி பொறுப்பு' என்று பங்கு பிரித்துக்கொடுக்க வேண்டும். அண்ணனோ அக்காவோ காவல்காரர் ஆகக்கூடாது. துணையாக இருந்தால் போதும்.

அப்பாவின் வசவுக்கும் வழி இருக்கிறது. 2016இல் லெ கிராஞ்ச் குழு, பெற்றோரைத் தனியாகவும் பிள்ளையைச் சிறிது நேரம் தனியாகவும் பார்க்கும் முறையை 106 குடும்பங்களில் சோதித்தது. சிகிச்சை முடிவில் இதில் மீண்டவர்கள் 43 சதவீதம். எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்த முறையில் 22 சதவீதம். பெரியவர் முன்னால் வாய் திறக்காத பிள்ளையும், பிள்ளை முன்னால் தோல்வியை ஒப்புக்கொள்ளாத தகப்பனும் நிறைந்த நம் வீடுகளுக்கு இந்த வடிவம்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு மாற்றமும் தேவை. பருமனாகிவிடுவோம் என்ற பயத்தையே மையமாக வைத்த உரையாடல், 'வயிறு கனமா இருக்கு' என்று மட்டும் சொல்லும் பெண்ணிடம் எடுபடாது. அவளிடம் இல்லாத பயத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினால் நம்பிக்கைதான் போகும். வயிற்றின் கனத்தை நிஜம் என்று ஏற்று, பட்டினியால் குடல் மந்தமாகியிருப்பதை விளக்கி, உணவு சீரானால் அதுவும் சீராகும் என்று அங்கிருந்து தொடங்குவதே இங்கே நல்ல வாசல்.

திருச்சியில் இருப்பதும் வேண்டியதும்

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக, 1997இல், தொடங்கப்பட்டது திருச்சியில்தான். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. தனியார் மனநல மருத்துவர்களும் நகரில் இருக்கிறார்கள். மனநலச் சட்டம் 2017, மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகரான காப்பீடு தரவேண்டும் என்கிறது. இதற்கென்று தனி மருத்துவமனை கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடலைக் கவனிக்க ஒரு மருத்துவர், ஒரு மனநல மருத்துவர், குடும்பச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளர், ஒரு டயட்டீஷியன் என்று நால்வரும் ஒருவரோடொருவர் போனில் பேசிக்கொண்டால் சிகிச்சைக் குழு தயார். குறைவது பயிற்சிதான், நகரிலுள்ள உளவியல், சமூகப்பணித் துறைகள் அதைத் தர முன்வரலாம்.

திருச்சி கல்லூரி நகரம் என்பதால் ஒரு கூடுதல் கவலையும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கும் பெண்ணின் தட்டைப் பார்க்க யாரும் இல்லை. மெஸ் சீட்டில் கையெழுத்து இருக்கும், சாப்பிட்டிருக்க மாட்டாள். அவளுக்குத் தாய் பக்கத்தில் இல்லாததால் ஆதரவுச் சிகிச்சை போன்ற எளிய முறையே கைகொடுக்கும். வாரம் ஒருமுறை எடை பார்த்துப் பேசும் மருத்துவர் ஒருவரும், கூட உட்கார்ந்து சாப்பிடும் தோழி ஒருத்தியும் வேண்டும். விடுதிக் காப்பாளர்கள் 'மெலிஞ்சு அழகாயிட்டே' என்று பாராட்டுவதை நிறுத்தினாலே பாதி உபகாரம்.

ஆய்வுகளின் தீர்ப்பு இது: வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பத்தை முன்னிறுத்திய சிகிச்சையே முதல் தேர்வு, பெரியவர்களுக்கு முறை எதுவானாலும் விடாமல் தொடர்வதே மருந்து, இருவருக்கும் உணவைத் தள்ளிவைத்த பேச்சு சிகிச்சையே ஆகாது. மாட்ஸ்லி ஆய்வில் பலன் கண்டவர்கள் மூன்று ஆண்டுக்குள் வந்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. பரீட்சை முடியட்டும், கல்யாணம் ஆனால் சரியாகும் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது. வயிற்று ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் பிள்ளை மெலிந்துகொண்டே போனால், அடுத்த ஸ்கேனுக்கு முன் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.